பாஸிங் ஆட்டம் படுத்துவிட்டால் முதலில் எங்கே கை வைப்பது?

2016 சீசனில் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணி 16 ஆட்டங்களில் எடுத்தது மொத்தம் 224 புள்ளிகள். அமெரிக்கன் ஃபுட்பாலின் என்.எஃப்.எல். லீகின் 32 அணிகளில் அதுதான் கடைசி. அடுத்த ஆண்டே அதே அணி 478 புள்ளிகள் குவித்து முதலிடத்துக்கு வந்தது. இடையில் அவர்கள் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்காகப் பெரிய ஆள் யாரையும் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. 2016-ன் கடைசி 7 ஆட்டங்களில் பந்தை எறிந்து ஏழிலும் தோற்ற ஜாரெட் காஃப்தான் 2017-லும் எறிந்தார்.

ஓர் அணியால் பந்தை எறிந்து முன்னேற முடியவில்லை என்றால் எழும் முதல் குரல் எப்போதும் ஒன்றுதான்: குவார்ட்டர்பேக்கை மாற்று. தொலைக்காட்சியில் கேமரா அவரைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு பாஸ் என்பது பதினொரு பேர் சேர்ந்து சுமார் மூன்று வினாடிக்குள் செய்து முடிக்கும் வேலை. எறிபவரின் கை அதில் கடைசிக் கட்டம் மட்டுமே. அதனால் பழுது பார்ப்பதைக் கையிலிருந்து தொடங்கக்கூடாது, அதற்கு முந்தைய கட்டங்களிலிருந்து தொடங்க வேண்டும். ராம்ஸ் அதைத்தான் செய்தார்கள். எப்படி என்று பார்ப்பதற்கு முன், இந்த விளையாட்டைப் பார்த்துப் பழகாதவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை.

நாலு டவுன், பத்து யார்டு

இங்கே பேசுவது காலால் உதைத்து ஆடும் கால்பந்தைப் பற்றி இல்லை. இருபுறமும் கூர்மையான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்து பிடித்தும் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். 100 யார்டு நீள மைதானம், பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். நாலு டவுனுக்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடியும் நாலு டவுன் கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நடைமுறையில் கணக்கு மூன்று டவுனோடு முடிந்துவிடும். நாலாவதில் பெரும்பாலும் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள், அல்லது கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கப் பார்ப்பார்கள். பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்த்தால் டச்டவுன், 6 புள்ளி.

தாக்கும் அணியின் பதினொரு பேரில் ஐந்து பேர் ஆஃபென்ஸிவ் லைன். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, ஓரங்களில் டாக்கிள். இவர்கள் பொதுவாகப் பந்தைத் தொடுவதே இல்லை (ஆட்டம் தொடங்கும்போது அதைப் பின்னால் கொடுக்கும் சென்டரைத் தவிர). பாய்ந்து வரும் எதிரிகளைத் தடுத்து நிறுத்துவதுதான் இவர்கள் தொழில். பின்னால் நின்று பந்தை வாங்குபவர் குவார்ட்டர்பேக். ஓடிப்போய்ப் பிடிப்பவர்கள் ரிசீவர்கள். தடுக்கவும் பிடிக்கவும் தெரிந்த ஆள் டைட் எண்ட். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுபவர் ரன்னிங் பேக். சரி, இவ்வளவு போதும்.

மோசம் என்றால் எவ்வளவு மோசம்?

மொத்தம் எத்தனை யார்டு எறிந்தார்கள் என்பதைப் பார்த்து ஒரு பாஸிங் ஆட்டத்தை எடைபோடக்கூடாது. தோற்றுக்கொண்டிருக்கும் அணி ஆட்டம் முழுக்க எறிந்துகொண்டே இருக்கும். யார்டு தானாகச் சேரும். ஒவ்வொரு எறிதலுக்கும் சராசரியாக எத்தனை யார்டு கிடைத்தது என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் கால என்.எஃப்.எல்.-லில் 7 யார்டு என்பது சுமாரான சராசரி. 2016-ல் காஃப் 205 முறை எறிந்து 1,089 யார்டு எடுத்தார். அதாவது எறிதலுக்கு 5.3.

இதைவிட நேர்மையான ஒரு கணக்கும் இருக்கிறது. யார்டோடு டச்டவுனுக்கு 20 கூட்டி, இன்டர்செப்ஷனுக்கு 45 கழித்து, குவார்ட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்படும் சாக்குகளில் இழந்த யார்டுகளையும் கழித்துவிட்டு, எறிதல்களும் சாக்குகளும் சேர்ந்த எண்ணிக்கையால் வகுப்பது. இன்டர்செப்ஷன் என்றால் நாம் எறிந்த பந்தை எதிரி பிடித்துக்கொள்வது. அதற்கு 45 யார்டு அபராதம் என்பது கடுமைபோலத் தெரியும், ஆனால் அது நியாயம்தான். இந்தக் கணக்கில் காஃபுக்கு 2016-ல் கிடைத்தது 2.8. அடுத்த ஆண்டு அது ஏறத்தாழ 7.7. ஒரே ஆள், ஒரே கை.

அந்த 2.8-க்குள் ஒளிந்திருந்த ஒரு எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 7 ஆட்டங்களில் காஃப் 26 முறை சாக் செய்யப்பட்டார். எறிய நினைத்த ஒவ்வொரு ஒன்பது முறையிலும் ஒரு முறை, பந்து கையை விட்டுப் போகுமுன் தரையில் கிடந்தார் என்று அர்த்தம். 22 வயதுப் பையன், லீகில் முதல் ஆண்டு. அப்படி அடி வாங்கியவருக்கு மீதி எட்டு முறையும் கண் ரிசீவர்மேல் இருக்காது, பாய்ந்து வருகிறவர்மேல்தான் இருக்கும். சாக் நடக்காத எறிதல்களையும் சாக் கெடுத்துவிடும் என்பது அதனால்தான்.

முதல் வேலை: நேரம் வாங்கிக் கொடுப்பது

பந்து பின்னால் வந்ததிலிருந்து கையை விட்டுப் போகும்வரை குவார்ட்டர்பேக்குக்குக் கிடைப்பது சராசரியாக இரண்டரை முதல் மூன்று வினாடி. அதற்குள் அவர் பின்வாங்கி, ஒரு ரிசீவரைப் பார்த்து, அவர் மறிக்கப்பட்டிருந்தால் அடுத்தவரைப் பார்த்து, காலை ஊன்றி எறிய வேண்டும். இதில் அரை வினாடி குறைந்தால் இரண்டாவது ரிசீவரைப் பார்க்கவே முடியாது. எவ்வளவு அழகான திட்டம் வரைந்தாலும் அது காகிதத்தோடு சரி.

2017 தொடக்கத்தில் ராம்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்த ஷான் மெக்வேக்கு அப்போது வயது 30. நவீன என்.எஃப்.எல். வரலாற்றில் அவ்வளவு இளம் வயதில் யாரும் அந்தப் பதவிக்கு வந்ததில்லை. செய்திகளில் எல்லோரும் அவருடைய வயதைப் பற்றியும் மூளையைப் பற்றியுமே பேசினார்கள். அந்தக் கோடையில் நடந்த ஆள்சேர்ப்பில் பலர் கவனிக்காமல் விட்டது, சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் 11 சீசன் ஆடிவிட்டு வந்த 35 வயது டாக்கிள் ஆண்ட்ரூ விட்வொர்த். அவருக்கு இடது ஓரம் கொடுக்கப்பட்டது. வலது கையால் எறியும் குவார்ட்டர்பேக் திரும்பி நிற்கும்போது அவர் கண்ணில் படாத பக்கம் அது. அங்கிருந்து வரும் அடி தெரியாமலே வரும். அதுவரை அந்த இடத்தில் ஆடியவர் கிரெக் ராபின்சன். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில், 2014-ல் முதல் சுற்றின் இரண்டாவது ஆளாகத் தேர்வானவர். அவரை அணி வேறிடத்துக்கு அனுப்பிவிட்டது. நடுவில் சென்டராக வந்தவர் ஜான் சல்லிவன், மெக்வேயோடு முந்தைய ஆண்டு வாஷிங்டன் அணியில் இருந்தவர்.

சென்டரின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எதிரணியில் வழக்கமாக நாலு பேர் பாய்வார்கள். ஐந்து பேர் நாலு பேரைத் தடுப்பது சுலபம் என்று தோன்றும். ஆனால் எந்த நாலு பேர் பாய்வார்கள் என்பது தெரியாது. லைனில் நிற்பவர் ஒருவர் பின்வாங்கிவிட, பின்னால் நின்ற லைன்பேக்கர் வேறு பக்கத்திலிருந்து பாய்வார். ஐந்தாறு பேர் ஒன்றாகப் பாய்ந்தால் அது பிளிட்ஸ். இதையெல்லாம் ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய சில வினாடிகளில் கணித்து, யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று சத்தம் போட்டு மற்ற நாலு பேருக்கும் சொல்வது சென்டர். ஒருவர் தவறான பக்கம் சாய்ந்தாலும் எதிரி தடையே இல்லாமல் உள்ளே வருவார். பலவீனமான லைன் என்று நாம் திட்டுவதில் பாதி, உடல் பலக் குறைவு இல்லை. பேச்சுத் தொடர்பு அறுந்தது. அனுபவமுள்ள இரண்டு பேரை நடுவிலும் ஓரத்திலும் வைத்ததில் ராம்ஸுக்குக் கிடைத்தது அந்தப் பேச்சுத் தொடர்பு. அதோடு, அந்த சீசனில் பெரும்பாலும் அதே ஐந்து பேரே காயமில்லாமல் சேர்ந்து ஆடினார்கள். இந்த விஷயத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு.

2017-ல் காஃப் 15 ஆட்டங்களில் 25 முறைதான் சாக் ஆனார். முந்தைய ஆண்டைவிட இரு மடங்குக்கு மேல் ஆட்டங்கள், சாக் ஒன்று குறைவு.

எல்லா சாக்குக்கும் லைன்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நாலு வினாடி யோசிக்கும் குவார்ட்டர்பேக்கை எந்த லைனாலும் காப்பாற்ற முடியாது. நல்ல ஆள் கிடைக்கும்வரை லைனுக்கு உதவ வேறு வழிகளும் உண்டு. டைட் எண்டோ ரன்னிங் பேக்கோ ஓடுவதற்கு முன் ஓரத்தில் பாய்பவரை ஓர் இடி இடித்துவிட்டுப் போகலாம். ஆறாவது ஆளாக ரன்னிங் பேக் பின்னாலேயே நின்றுவிடலாம். அதற்கு விலை, வெளியே ஓடுபவர்களில் ஒருவர் குறைவார். எல்லாவற்றையும்விடப் பழைய வழி, பந்தைச் சீக்கிரம் விட்டுவிடுவது.

அந்த வழியை ஒரு முழுத் திட்டமாக வளர்த்தவர் பில் வால்ஷ். 1970-ல் சின்சினாட்டியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோது, பலமான கை கொண்ட இளம் குவார்ட்டர்பேக் கிரெக் குக் தோள் காயத்தால் ஆட முடியாமல் போனார். மிஞ்சியவர் வர்ஜில் கார்ட்டர். தூரம் எறியும் பலம் அவருக்கு இல்லை; ஆனால் குறிதவறாமல் எறிவார், யோசிப்பார். அவருக்காக வால்ஷ் மைதானத்தின் அகலத்தைப் பயன்படுத்தும் குட்டிக் குட்டிப் பாஸ்களை வடிவமைத்தார். 1971-ல் கார்ட்டரின் பாஸ்களில் 62.2 சதவீதம் பிடிபட்டன. அந்த ஆண்டு லீகிலேயே அதுதான் அதிகம். பின்னர் வால்ஷ் இதே முறையை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனார். 1979-ல் 2 வெற்றி, 14 தோல்வி என்று கிடந்த அணி, குவார்ட்டர்பேக் ஜோ மோன்டானாவோடு 1981 சீசனில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றது. இருக்கிற ஆளுக்கு எது வருமோ அதைச் சுற்றித் திட்டத்தைக் கட்டுவது என்ற பாடம் அங்கிருந்து வருகிறது. இன்றும் பல அணிகள் இதற்கு நேரெதிராகச் செய்வது வருத்தமான விஷயம். பயிற்சியாளர் தனக்குப் பிடித்த புத்தகத்தோடு வந்து, ஆட்டக்காரர்களை அதற்குள் திணிப்பார்.

மூன்று பேரும் ஒரே மாதிரி ஓடினால்?

ரிசீவர் ஒவ்வொருவருக்கும் ஆட்டத்துக்கு முன்பே ஒரு பாதை குறிக்கப்பட்டிருக்கும். அதை ரூட் என்பார்கள். நேராகப் பத்து யார்டு ஓடி வெளிப்பக்கம் திரும்புவது ஒன்று, மூன்றடி வைத்து உள்பக்கம் வெட்டுவது ஒன்று, திரும்பியே பார்க்காமல் கடைசிக் கோடுவரை ஓடுவது ஒன்று. ரிசீவர் திரும்பிய பிறகு எறிந்தால் தாமதம்; தடுப்பவர் வந்துவிடுவார். கிரிக்கெட்டில் ரன் அவுட்டுக்காக ஃபீல்டர் எறியும்போது விக்கெட் கீப்பர் இன்னும் ஸ்டம்புக்கு வந்திருக்க மாட்டார், வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் பந்து கிளம்பும். இங்கேயும் அப்படித்தான். அதனால் ரிசீவர் பாதையில் ஓரடி தள்ளித் திரும்பினால்கூட, பார்க்கிற நமக்குக் குவார்ட்டர்பேக் காற்றில் எறிந்ததுபோல் தெரியும். பழி அவர்மேல் விழும். ஒரு பாஸ் தவறினால் உடனே யார் தவறு என்று தொலைக்காட்சி பார்த்துச் சொல்லிவிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ரிசீவர்களைச் சேர்ப்பதில் பஃபலோ பில்ஸ் அணியின் கதை தெளிவானது. 2018-ல் அவர்கள் முதல் சுற்றின் ஏழாவது ஆளாக ஜோஷ் ஆலனைத் தேர்ந்தெடுத்தார்கள். கையில் அசுர பலம். குறி மட்டும் நிலையில்லை. கல்லூரியிலேயே அவருடைய பாஸ்களில் சுமார் 56 சதவீதம்தான் பிடிபட்டன. அதற்கு முன் பில்ஸ் லைனில் மூன்று பெரிய தூண்கள் போயிருந்தன: சென்டர் எரிக் வுட் கழுத்துக் காயத்தால் ஓய்வு, கார்டு ரிச்சி இன்காக்னிட்டோ விலகல், டாக்கிள் கோர்டி கிளென் வேறு அணிக்கு. ரிசீவர்களிலும் நம்பி எறிய ஆள் இல்லை. ஆலனின் முதல் ஆண்டு 52.8 சதவீதம், 10 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன்.

2019-ல் அவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. சென்டராக மிட்ச் மோர்ஸ் உட்பட லைனைக் கிட்டத்தட்டப் புதிதாகக் கட்டினார்கள். கூடவே இரண்டு ரிசீவர்கள். வேகமாக ஓடித் தடுப்பவர்களைப் பின்னுக்கு இழுக்கும் ஜான் பிரவுன், லைனுக்கு அருகிலேயே சட்டென்று திரும்பி வெற்றிடத்தில் நிற்கத் தெரிந்த கோல் பீஸ்லி. இருவருமே அப்போது லீகின் பெரிய பெயர்கள் இல்லை. ஆனால் ஒருவர் செய்வதை மற்றவர் செய்யவில்லை. பிரவுன் மேலே ஓடினால் பீஸ்லிக்குக் கீழே இடம் கிடைக்கும். ஆலன் 58.8-க்கு ஏறினார். 2020 மார்ச்சில், முதல் சுற்று உட்பட நாலு தேர்வு உரிமைகளைக் கொடுத்து மினசோட்டாவிலிருந்து ஸ்டெஃபான் டிக்ஸைக் கொண்டுவந்தார்கள். எந்த ரூட்டையும் துல்லியமாக ஓடக்கூடிய ஆள். அந்த ஆண்டு டிக்ஸ் 127 பாஸ் பிடித்து 1,535 யார்டு எடுத்தார். இரண்டிலும் லீகில் முதலிடம். ஆலன் 69.2 சதவீதம், 37 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன். அணிக்கு 13 வெற்றி, 3 தோல்வி.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். லைன், அப்புறம் வெவ்வேறு திறமையுள்ள இரண்டு பேர், கடைசியில் நட்சத்திரம். நட்சத்திரத்தை முதலில் வாங்கி 2018-ன் லைனுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தால் அவர் திறந்த இடத்தில் கைதூக்கிக்கொண்டு நின்றிருப்பார், ஆலன் தரையில் கிடந்திருப்பார். லீகில் ஒவ்வோர் அணியும் சம்பளத்துக்குச் செலவிடக் கறாரான உச்சவரம்பு உண்டு. 2017-ல் அது 16.7 கோடி டாலர். எல்லாவற்றையும் ஒரே கோடையில் வாங்கிவிட முடியாது. இளம் குவார்ட்டர்பேக்கின் முதல் ஒப்பந்தம் மலிவாக இருக்கும் நாலைந்து ஆண்டுகளுக்குள் இதைச் செய்தாக வேண்டும். ராம்ஸும் பில்ஸும் அந்த ஜன்னல் திறந்திருந்தபோதே செலவு செய்தார்கள்.

கேள்வியைச் சுலபமாக்குவது

இனி திட்டம். தடுக்கும் அணி இரண்டு விதமாக நிற்கும். ஆளுக்கு ஆள் என்று ஒவ்வொரு ரிசீவரையும் ஒருவர் துரத்துவது ஒன்று. மைதானத்தைப் பகுதிகளாகப் பிரித்து, தன் பகுதிக்குள் வருபவரைப் பார்த்துக்கொள்வது இன்னொன்று, அது ஸோன். நல்ல பாஸ் திட்டம் இந்த இரண்டில் எது என்பதைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்க வேண்டும், பிறகு ஒரே ஒரு தடுப்பாளரை இக்கட்டில் மாட்ட வேண்டும்.

இக்கட்டு என்றால் இப்படி. மைதானத்தின் ஓரத்தில் ஒரு தடுப்பாளர் ஒரு பகுதியைக் காக்கிறார். அவருக்கு முன்னால் ஐந்து யார்டில் ஒரு ரிசீவர், பின்னால் பதினைந்து யார்டில் இன்னொரு ரிசீவர். அவர் முன்னே வந்தால் பந்து பின்னே போகும், பின்னே போனால் பந்து முன்னே விழும். குவார்ட்டர்பேக் பதினொரு பேரையும் பார்க்க வேண்டியதில்லை. இவர் ஒருவரைப் பார்த்தால் போதும். திணறும் குவார்ட்டர்பேக்குக்குப் பயிற்சியாளர் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான் என்று நம்புகிறேன்: பத்துக் கேள்விகளை ஒரு கேள்வியாகக் குறைப்பது.

மெக்வே இதற்கு மூன்று கருவிகளை விடாமல் பயன்படுத்தினார். ஒன்று, பந்து கிளம்புமுன் ஒரு ரிசீவரைக் குறுக்கே ஓடவிடுவது. அவர் பின்னாலேயே ஒரு தடுப்பாளர் ஓடினால் அது ஆளுக்கு ஆள். யாரும் அசையாமல் இடம் மட்டும் மாற்றிக்கொண்டால் அநேகமாக ஸோன். விடை ஆட்டம் தொடங்குமுன்பே கிடைத்துவிடும். இரண்டாவது, பிளே ஆக்‌ஷன். ரன்னிங் பேக் டாட் கர்லியிடம் பந்தைக் கொடுப்பதுபோல் நடித்துவிட்டு எறிவது. ஓட்டத்தைத் தடுக்க லைன்பேக்கர்கள் இரண்டடி முன்னே வருவார்கள், அவர்கள் விட்டுவந்த இடத்தில் பந்து போய் விழும். முதலில் ஓடி நிரூபித்தால்தான் இந்த நடிப்பு பலிக்கும் என்று பல தலைமுறைப் பயிற்சியாளர்கள் சொல்லி வந்தார்கள். பல சீசன்களின் தரவை எடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், ஓர் அணி எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதற்கும் பிளே ஆக்‌ஷன் பலிப்பதற்கும் சொல்லத்தக்க தொடர்பைக் காணவில்லை. லைன்பேக்கர்கள் பழக்கத்தால் முன்னே வருகிறார்கள், புள்ளிவிவரம் பார்த்து இல்லை. அதனால் ஓட்டம் சரியில்லாத அணிகூட இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். திணறும் அணி ஒன்றுக்குச் செலவே இல்லாமல் கிடைக்கும் மருந்து என்றால் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது கருவி ரேடியோ. 1994-லிருந்து குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளர் பேச அனுமதி இருக்கிறது. ஒவ்வொரு டவுனையும் தொடங்கக் கொடுக்கப்படும் நேரத்தில் 15 வினாடி மிச்சமிருக்கும்போது அந்தத் தொடர்பு தானாக அறுந்துவிடும். மெக்வே தன் ஆட்களைச் சீக்கிரமாகவே லைனுக்கு அனுப்பிவிடுவார். எதிரணி எப்படி நிற்கிறது என்று ஓரத்திலிருந்து பார்த்து, தொடர்பு அறுவதற்குள் காஃபின் காதில் சொல்லிவிடுவார். விதிக்குள் நின்றே செய்த வேலை. காஃபைக் குறைத்துப் பேச இதைச் சிலர் பயன்படுத்தினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கற்றுக்கொண்டிருப்பவருக்குக் கற்றுக்கொடுப்பவர் பக்கத்தில் நின்று சொல்வதில் என்ன குறை?

2017-ன் முதல் ஆட்டத்தில் ராம்ஸ் இண்டியானாபோலிஸ் அணியை 46-9 என்று வென்றது. காஃப் 306 யார்டு எறிந்தார்.

கோளாறு முதல் டவுனில் இருக்கலாம்

மூன்றாவது டவுனில் 9 யார்டு தேவை. நீங்கள் எறியப்போகிறீர்கள் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். எதிரணி பாய்பவர்களை அவிழ்த்துவிடும், ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்படாது, நடிப்பும் பலிக்காது. இந்த நிலையில் எறிந்து தோற்றுவிட்டு "மூன்றாவது டவுனில் நம் பாஸிங் மோசம்" என்று புலம்பும் அணிகள் நிறைய. அவர்கள் முதல் இரண்டு டவுனில் கூட்டத்துக்குள் ஓடி ஒரு யார்டு எடுத்ததை யாரும் கேட்பதில்லை.

முதல் டவுனில் எறிவது ஏன் சுலபம் என்றால், எதிரணிக்கு அப்போது எதுவும் நிச்சயமில்லை. அதில் ஆறேழு யார்டு கிடைத்துவிட்டால் அடுத்த இரண்டு டவுனிலும் எதை வேண்டுமானாலும் ஆடலாம். பில்ஸ் அணியின் தாக்குதலை வடிவமைத்த பிரையன் டேபோல் 2020-ல் இதைத் தயங்காமல் செய்தார். மூன்று, சில நேரம் நாலு ரிசீவர்களை நிறுத்தி, தொடக்க டவுன்களிலேயே ஆலனை எறியவிட்டார்.

குறி தவறுவதைத் திருத்த முடியுமா? பிறவியில் வருவது, திருத்த முடியாது என்பதுதான் நெடுநாளாக லீகில் இருந்த நம்பிக்கை. அதற்கு வலுவான மறுப்பு ஆலன். சீசன் இல்லாத மாதங்களில் முன்னாள் குவார்ட்டர்பேக் ஜோர்டன் பால்மரோடு அவர் கால் ஊன்றுவது, இடுப்பு திரும்புவது, தோள் பின்தொடர்வது என்ற வரிசையை மறுபடி மறுபடி பழகினார். கையின் பலத்தை மட்டும் நம்பி எறிவதைக் குறைத்தார். ஆனால் 52.8-லிருந்து 69.2 வரை ஏறியதை முழுக்க அந்தப் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது. திறந்து நிற்கும் ரிசீவருக்கு எறிவதும், மறிக்கப்பட்ட ரிசீவருக்கு எறிவதும் ஒரே சதவீதத்தில் போய்ச் சேர்வதில்லை. எல்லாமே ஒன்றாக மாறியபோது எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

எதிரி சும்மா இருப்பாரா?

2018-ல் ராம்ஸ் இன்னும் மேலே போனது. காஃப் 4,688 யார்டு எறிந்தார். டிசம்பரில் சிகாகோ பேர்ஸ் அணியிடம் 15-6 என்று தோற்றார்கள், காஃப் 4 இன்டர்செப்ஷன் கொடுத்தார். பேர்ஸ் தடுப்பை நடத்திய விக் ஃபேன்ஜியோ முன்வரிசையில் ஆறு பேரை நிறுத்தினார். ஓட்டத்தை அவர்களே பார்த்துக்கொண்டதால், பின்னால் இருந்தவர்கள் நடிப்புக்கு ஏமாறத் தேவையில்லாமல் போனது. 2019 பிப்ரவரி 3 அன்று அட்லாண்டாவில் நடந்த சூப்பர் பௌலில் பில் பெலிச்சிக்கின் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அதே வழியில் போனது. ராம்ஸ் எடுத்தது மூன்றே புள்ளி. 13-3. 38 முறை எறிந்து 19 முறைதான் காஃபால் சேர்க்க முடிந்தது.

கேள்வியைச் சுலபமாக்கும் முறையின் எல்லை அங்கே தெரிந்தது. ரேடியோ அறுந்த பிறகு எதிரணி தன் அமைப்பை மாற்றினால், திட்டம் உடைந்த அந்த நொடியில் குவார்ட்டர்பேக் தானாக ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஓர் அணி நல்ல அணியாகலாம், கோப்பைக்கு அருகில் போகலாம், கடைசிப் படியில் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே ஆளை மாற்றும் கேள்வி ஒரு நாள் வரத்தான் செய்யும். ராம்ஸ் அதை 2021-ல் எதிர்கொண்டது. இரண்டு முதல் சுற்று உரிமைகளும் ஒரு மூன்றாம் சுற்று உரிமையும் காஃபும் சேர்த்துக் கொடுத்து, டெட்ராய்ட் லயன்ஸிடமிருந்து மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கினார்கள். பெரிய விலை. ஸ்டாஃபோர்டு வந்து நின்றபோது விட்வொர்த் இன்னும் இடது ஓரத்தில் இருந்தார். 2017-ல் மூன்றாம் சுற்றில் எடுத்த கூப்பர் கப் லீகின் சிறந்த ரிசீவர்களில் ஒருவராக வளர்ந்திருந்தார். அந்த ஆண்டு கப் 145 பாஸ் பிடித்து 1,947 யார்டு எடுத்தார், அணி சூப்பர் பௌலை வென்றது. லைனும் ரிசீவரும் திட்டமும் தயாராக இருந்த இடத்துக்கு அவர் வந்தார் என்பதை மறக்கக்கூடாது. ஸ்டாஃபோர்டு அதற்கு முன் டெட்ராய்ட்டில் 12 சீசன் ஆடி ஒரு பிளே ஆஃப் ஆட்டம்கூட வென்றதில்லை.

டெட்ராய்ட்டுக்குப் போன காஃப்? முடிந்துபோனவர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். லயன்ஸ் 2021-ல் தங்கள் முதல் தேர்வாகக் குவார்ட்டர்பேக்கை எடுக்கவில்லை. பெனே சூவல் என்ற டாக்கிளை எடுத்தார்கள். சென்டராக ஃபிராங்க் ராக்னாவும் இடது ஓரத்தில் டெய்லர் டெக்கரும் ஏற்கெனவே இருந்தார்கள். 2022-ல் பென் ஜான்சன் தாக்குதலைப் பொறுப்பேற்று பிளே ஆக்‌ஷனை மையமாக வைத்துத் திட்டம் கட்டினார். 2024-ல் காஃபின் பாஸ்களில் 72.4 சதவீதம் பிடிபட்டன, 37 டச்டவுன்.